கரைவேட்டியும் கண்மாய்க்கரையும்

வாக்காளர் பட்டியலில் என் பெரியம்மா பெயருக்குப் பக்கத்தில் நான் ஒரு கேள்விக்குறி போட்டேன். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால், ராத்திரி பதினொரு மணி இருக்கும், கிளைச் செயலாளர் வீட்டுத் திண்ணையில் பாகம் எண் போட்ட அந்தத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நமக்கு விழும் ஓட்டுக்கு டிக், விழாத ஓட்டுக்குக் கோடு, சொல்ல முடியாததற்குக் கேள்விக்குறி. கேள்விக்குறி வீட்டுக்குத்தான் முதலில் பணக் கவர் போகும். பெரியம்மா பெயர் வந்தபோது எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா நடவுக்குப் போன நாளெல்லாம் எனக்குச் சோறு போட்டவள் அவள். யாருக்கு ஓட்டுப் போடுவாள் என்று எனக்குத் தெரியாது, ஒருநாளும் கேட்டதில்லை. பேனாவால் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

பதினாறு வருஷம் கட்சியில் இருந்தேன். சுவரெழுத்து, கொடிக்கம்பம், பூத் ஏஜென்ட், மாநாட்டுக்கு வேன் பிடிப்பது எல்லாம் பார்த்தாகிவிட்டது. எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப்பேர் "அந்தக் கட்சியே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் படிப்பதை நிறுத்திவிடுவார்கள், நான் சொல்ல வந்தது அதோடு செத்துப்போகும். நான் பார்த்த வரை இந்த விஷயத்தில் கொடியின் நிறத்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

என் அப்பாவுக்குக் கட்சி கொடுத்தது வேறு. எங்கள் ஊர் முக்கில் ஒரு படிப்பகம் இருந்தது. ஓடு போட்ட ஒற்றை அறை, இரண்டு பெஞ்சு, தினமும் மூன்று பேப்பர். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன அப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது அங்கேதான். ஒருவர் சத்தமாகப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்களாம். தமிழ்நாட்டில் கட்சிகள் வேர் பிடித்ததே இப்படித்தான், டீக்கடையிலும் முடிதிருத்தகத்திலும் படிப்பகத்திலும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்த தெருவில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற தைரியம் அப்பா தலைமுறைக்கு அந்த அறையிலிருந்து வந்தது. அதை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அந்த அறையில் இப்போது பிளக்ஸ் சட்டங்கள் அடுக்கிக் கிடக்கின்றன. பேப்பர் நின்று பல வருஷம் ஆகிவிட்டது. கட்சி ஒரு காலத்தில் ஊருக்குள் எதையோ கட்டியது, இப்போது வந்து எண்ணிவிட்டுப் போகிறது. என் வருத்தத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

சரி, கண்மாய் கதைக்கு வருகிறேன். எங்களுடையது சிவகங்கைச் சீமையில் ஒரு மானாவாரிக் கிராமம். ஆவணி, புரட்டாசியில் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்போம். ஐப்பசி, கார்த்திகையில் பயிர் மழையில் வளரும்; தை பிறந்து கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் மழை நின்றுவிடும். அப்போது கண்மாயிலிருந்து ஒன்றிரண்டு தடவை தண்ணீர் கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் மாட்டுக்கு வைக்கோல். ஒரு வருஷத்து உழைப்பு முழுக்க அந்தக் கடைசித் தண்ணீரில்தான் நிற்கிறது. எங்கள் கண்மாய்க்கு ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலம், 146 ஏக்கர். 100 ஏக்கருக்கு மேல் போனால் பொதுப்பணித்துறைக் கண்மாய், இப்போது நீர்வளத்துறை என்கிறார்கள்; அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய். மாநிலம் முழுக்க இப்படி ஏரி, கண்மாய் என்று 39,000-க்கு மேல் இருக்கின்றன.

ஒரு வருஷம் எங்கள் கண்மாய்க்கு மராமத்துப் பணம் வந்தது. பாசனம் செய்கிற விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்துதான் வேலையைச் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. சங்கம் காகிதத்தில் உருவானது. பதினோரு பேர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. வேலையை எடுத்தவர் வெளியூர் ஒப்பந்தக்காரர். கரையின் முகத்தைச் சுரண்டி, வெளிப்பக்கம் மண்ணைப் பூசி, ஷட்டருக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, பெயர்ப்பலகை வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஒரு கூடை மண் அள்ளவில்லை. பங்கு எப்படிப் பிரிந்தது என்று பிறகு தெரிந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பங்கு, எதிர்க்கட்சிக்காரர்கள் வாய் திறக்காமல் இருக்க அவர்களுக்கும் ஒரு பங்கு. ஒரே தெருவில் இருந்துகொண்டு, தேர்தல் தகராறில் என் பங்காளி ஒருவனோடு நான் ஆறு வருஷம் பேசாமல் இருந்தேன், அவன் அந்தக் கட்சி என்பதற்காக. மேலே இருந்தவர்களோ ஒன்றாக உட்கார்ந்து பங்கு பிரித்திருக்கிறார்கள்.

அந்தத் தையில் மடை திறக்கவில்லை. கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது, கீழே பயிர் காய்கிறது, ஷட்டர் அசையவில்லை. பெயிண்ட் அடித்தவர்கள் திருகை ஒரு சுற்றுத் திருகிக்கூடப் பார்க்கவில்லை. கடப்பாரையோடு கரைக்கு ஓடினால், அங்கே பங்காளி ஏற்கெனவே கடப்பாரையோடு நிற்கிறான். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை "அந்தப் பக்கம் பிடி." இரண்டு பேரும் சேர்ந்து நெம்பியதில் திருகுதான் உடைந்தது. அப்புறம் மடைக்குடும்பர் வீட்டுப் பெரியவர் வந்தார். தலைமுறை தலைமுறையாக இந்த மடையைத் திறந்து மூடிய குடும்பம், களத்தில் அளந்து கொடுத்த நெல்தான் அவர்களுக்குக் கூலி. ஷட்டர் வந்ததும் அந்த நெல்லும் நின்றுபோனது, அவரை யாரும் கூப்பிடுவதும் நின்றது. அவர் ஷட்டரைத் திரும்பியே பார்க்கவில்லை. தெற்கே இருபதடி நடந்து, தண்ணீருக்குள் இறங்கி, கொஞ்ச நேரம் காலால் சேற்றைத் தடவிக்கொண்டே இருந்தார். "இந்தா இருக்கு" என்றார். சேற்றுக்கடியில் பழைய கல்மடை. டார்ச் லைட் வெளிச்சத்தில் நாங்கள் மண்வெட்டியால் சேற்றை வழிக்க, அவர் முங்கி முங்கி எழுந்து அடைப்பைக் கையால் பிடுங்கினார். அறுபது வயதுக்கு மேல் அவருக்கு. விடிகாலை இரண்டே முக்காலுக்குக் கரைக்கு வெளியே, வாய்க்கால் தலைப்பில், முதலில் கறுப்பாகச் சேறும் அப்புறம் தண்ணீரும் வந்தது. குளிரில் அவர் பல் அடித்துக்கொண்டிருந்தது. பங்காளி தன் துண்டைப் போர்த்திவிட்டான்.

நான் ராஜினாமாக் கடிதம் எதுவும் எழுதவில்லை. கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். 2021 தேர்தலுக்கு மட்டும் கூப்பிட்டார்கள் என்று முகத்துக்காகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன், அந்தக் கேள்விக்குறியோடு வெளியே வந்தேன்.

அடுத்த கோடையில், கண்மாய் நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கு மேட்டில் முதல் கூட்டம் போட்டோம். இடத்தை முடிவு செய்யவே மூன்று நாள் ஆயிற்று. ஊர்க்கூட்டம் என்றால் கோயில் மண்டபம்தான் வழக்கம். மண்டபத்தில் வைத்தால் காலனி ஆட்கள் வர மாட்டார்கள், வந்தாலும் வெளியேதான் நிற்பார்கள். ஆயக்கட்டில் 31 ஏக்கர் அவர்களுடையது, கரையில் ராத்திரி முங்கியவர் அவர்களில் ஒருவர். மண்டபம் வேண்டாம் என்று சொன்னபோது இரண்டு பெரியவர்கள் எழுந்து போனார்கள். ஒருவர் இன்னும் திரும்பி வரவில்லை.

அடுத்த சண்டை பணம். ஊர் வழக்கப்படி தலைக்கட்டு வரி போடலாம் என்றார்கள். திருவிழாவுக்கு அது சரி. ஆனால் தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். தனியாகப் பயிர் செய்கிற விதவைகள் அதில் வர மாட்டார்கள், காலனி அந்த நோட்டிலேயே இல்லை. இருபது சென்ட் வைத்திருப்பவனும் எட்டு ஏக்கர் வைத்திருப்பவனும் ஒரே தொகை கொடுப்பதும் நியாயம் இல்லை. கடைசியில் ஏக்கருக்கு 500 ரூபாய், பட்டா யார் பெயரில் இருந்தாலும் பயிர் செய்கிறவர் பெயரில் வரவு என்று முடிவானது. இந்தக் கடைசி வரி பெண்கள் போராடி வாங்கியது. பட்டா துபாயில் இருக்கிற புருஷன் பெயரில் இருக்கும், வரப்பில் நிற்பது அவர்கள்தான். 146 ஏக்கருக்கு 73,000 வர வேண்டும், வந்தது 58,500. மீதிக்காரர்களை நாங்கள் விரட்டவில்லை.

அதில் 40 மணி நேரம் ஜேசிபி ஓட்டினோம், 48,000. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர், முழுக்கச் சீமைக்கருவேலம். பாதிதான் முடிந்தது. கண்மாய்க்குள்ளேயே வேலை பார்க்கத் துறை அனுமதி வேண்டும், அது கிடைக்க ஏழு மாதம் ஆனது. வண்டல் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் ஆக்கியிருக்கிறார்கள், அது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. கரை எங்கே பலவீனம் என்று எந்த வரைபடத்திலும் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் கரை மேல் நடந்து, "இந்த இடத்துல எலி வளை, இந்த இடத்துல போன வருசம் கசிஞ்சுச்சு" என்று ஒன்பது இடம் காட்டினார்கள். ஒன்பதும் சரியாக இருந்தது.

இதெல்லாம் புதுசு இல்லை, ஊராரே கண்மாயைச் சீர்செய்கிற குடிமராமத்துதானே என்று கேட்பார்கள். பெயர் அதுதான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது பழைய பெருமை மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1858-ல் வெள்ளைக்காரன் ஆட்சி சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டது. கரை உடைகிற சமயத்தில் ஆள் வராவிட்டால் தண்டனை. அதற்கு முன்பும் மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள், தண்ணீர் பாய்ந்தது வேறொருவர் வயலில். உத்திரமேரூர்க் கல்வெட்டும் அப்படித்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது; குடவோலை பற்றி மேடையில் பேசாத தலைவர் இல்லை, நானே கைதட்டியிருக்கிறேன். அது நிலமும் மனையும் வேதப் படிப்பும் உள்ளவர்கள் மட்டும் நிற்கக்கூடிய பிராமணர் சபை என்பதை மேடையில் சொல்வதில்லை. அதே கல்வெட்டில் இன்னொரு விதி உண்டு. ஏரி வாரியம் போன்ற வாரியங்களில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இதையும் மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்த வரி அதுதான்.

ஊர் என்றாலே நல்லது, கட்சி என்றாலே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மதுரைக்குப் பக்கத்தில், எங்களுக்கு ஒன்றும் தூரமில்லை, மேலவளவு இருக்கிறது. தலித்துகளுக்கு ஒதுக்கிய தனி ஊராட்சியில் நின்று ஜெயித்த ஒரே காரணத்துக்காகத் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை 1997 ஜூன் 30-ம் தேதி வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்து வருஷம் தலித் தலைவரை உட்காரவிடாமல் தேர்தலையே முடக்கி வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் ஒழுங்காக நடந்தது. அதைச் செய்தது ஊர்தான். கலுங்கு மேட்டுக் கூட்டத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று நான் ஒவ்வொரு தடவையும் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் செய்து காட்டிய ஊர்களும் இருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில், வேதிப்பொறியியல் படித்த இளங்கோ 1996-ல் ஊராட்சித் தலைவரானார். அங்கே தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் வாழ்கிற இரட்டை வீடுகள் இருக்கின்றன. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி, சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006-ல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல், பெரும்பகுதி கடன் வாங்கி, 350 கிலோவாட் காற்றாலையை ஊராட்சிக்கே சொந்தமாக வாங்கி மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்றது. ஒரு கிராம ஊராட்சி! இதைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே வருஷங்களில் நான் சுவரில் யாருடைய பெயரையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த மாதிரி ஊர்கள் நூறு, ஆயிரம் என்று வந்துவிடக் கூடாது என்பதில்தான் எல்லாக் கட்சிகளுக்கும் ஒற்றுமையோ என்று தோன்றுகிறது. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் சின்னம். அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் கட்டாயம் என்று அதில் இருக்கிறது. ஆனால் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நின்றுபோய், 2019 டிசம்பரில்தான் நான்கு நிற வாக்குச்சீட்டை வாங்கி மடித்துப் போட்டோம், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். மீதி மாவட்டங்களுக்கு 2021. எங்கள் ஊராட்சியின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்தது. மறுபடி, தேர்ந்தெடுத்த தலைவர் இடத்தில் தனி அலுவலர். நடுவில் ஆட்சி மாறியது, இந்தப் பழக்கம் மாறவில்லை. சட்டமன்றத்துக்கு ஒரு நாள் தேர்தல் தள்ளிப்போனால் விடுவார்களா?

கிராம சபைதான் இப்போதைக்கு எங்கள் கையில் இருப்பது. வருஷத்துக்கு நான்காக இருந்ததை 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறு ஆக்கினார்கள். எங்கள் ஊராட்சி மக்கள்தொகைக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். முன்பு நோட்டை வீட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் கையெழுத்து வாங்கி நூறு ஆக்கிவிடுவார்கள், அந்த நோட்டைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது நோட்டு கூட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று நாங்கள் கறாராக இருக்கிறோம். முதல் தடவை 43 பேர்தான் வந்தார்கள், கூட்டம் கலைந்தது. அடுத்ததற்கு 118. வரத்துக்காலை அளந்து கல் ஊன்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டு, நில அளவைப் புலப்படத்தோடு மனு கொடுத்து, சர்வேயர் வந்து அளந்தார். ஆக்கிரமிப்பில் ஒன்று என் சொந்த மாமாவுடையது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை.

நாங்கள் பள்ளிக்கூடம் நடத்த முடியாது, ரேஷன் கடை நடத்த முடியாது, ஆஸ்பத்திரி கட்ட முடியாது. அதற்கெல்லாம் அரசு வேண்டும், அரசை யார் நடத்துவது என்பதற்கு ஓட்டு வேண்டும். நான் இன்னும் ஓட்டுப் போடுகிறேன். என் மாலை நேரத்தையும் என் பேச்சையும் என் பகையையும் மட்டும் கட்சிக்குக் கொடுப்பதில்லை.

போன வாரம் கட்சியின் பழைய ஒன்றியச் செயலாளர் போன் செய்தார். "தம்பி, எலக்சன் வருது. பூத் கமிட்டிக்கு உன் பேரைக் கொடுத்திருக்கேன். உன் பாகம் உனக்குத்தான் தலைகீழாத் தெரியும்." மரியாதையாகத்தான் பேசினார், நல்ல மனிதர், என் கல்யாணத்தில் முன்னால் நின்று வேலை பார்த்தவர். "அண்ணே, தையில முறைத்தண்ணி இருக்கு, கணக்கு என்கிட்ட இருக்கு, என்னால முடியாது" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "உங்க கம்மாயில தண்ணி எவ்வளவு கிடக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

2025 தொடக்கத்தில், தனி அலுவலர் வந்த கையோடு பிறந்த தையில், யாருக்கு எப்போது தண்ணீர் என்ற முறைப் பட்டியலை நான்தான் எழுதினேன். கடைமடைக்கு முதல் தண்ணீர் என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது, தலைமடைக்காரர்கள் முணுமுணுத்தாலும் ஒப்புக்கொண்டார்கள். வயல் வரிசைப்படி பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக நேரம். எழுதி முடித்ததும் செலவுக் கணக்கையும் சேர்த்து டீக்கடைச் சுவரில் ஒட்டினோம். நாற்பது சென்ட் பயிர் செய்கிற ஒரு அப்பத்தா, தனக்குப் படிக்கத் தெரியாது, வரிவரியாகப் படித்துக் காட்டு என்றார், டீ 150 ரூபாய் என்ற இடத்தில் நிறுத்தி, "எத்தனை பேரு குடிச்சிய?" என்று கேட்டார். பதினைந்து பேர் என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு மேலே படிக்கச் சொன்னார்.

பெரியம்மா சாயங்காலம் வந்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியாது. "எம் பேருக்கு நேரா என்னடா போட்டிருக்க?"

"செவ்வாக்கிழமை ராத்திரி, ஒரு மணியிலேருந்து மூணரை வரைக்கும், பெரியம்மா."

"ஒரு மணிக்கா? டார்ச் லைட்டு நீ கொண்டாந்துரு, என்னோடதுல பேட்டரிக் கட்டை தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனாள்.